யுத்தச் செலவு யார் தலையில்?

(பேளுக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



"நாம் என்ன வரியா கட்டுகிறோம்? ராணுவச் செலவைப் பற்றி நமக்கென்ன?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். வருமான வரி ஆபீசிலிருந்து நமக்கு நோட்டீஸ் வந்ததில்லை. நிலமில்லாதவனுக்கு நிலவரியும் இல்லை. ஆகவே பட்ஜெட் என்பது பட்டணத்துப் பெரிய மனிதர்களின் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். இது தவறு, தோழர்களே. வரி கட்டாத ஏழை இந்த நாட்டில் ஒருவன்கூட இல்லை.

நமது சந்தையையே பாருங்கள். கொல்லிமலை மிளகைக் கையளவு வாங்குகிறோம். ரசீது இல்லை, வரியும் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் சரக்கு ஏற்றி வந்த லாரியின் டீசலில் வரி இருக்கிறது. டயரில் வரி இருக்கிறது. வியாபாரி அதைத் தன் கைப்பணத்திலிருந்தா கொடுப்பான்? விலையில் ஏற்றி நம் தலையில்தான் வைப்பான். செல்போனுக்கு 300 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. ஆலை முதலாளி ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய். சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு உரிக்கும் பெண் செய்தாலும் அதே 45 ரூபாய். அவருக்கு அது வெற்றிலைச் செலவு. இவளுக்கு ஒரு நேரச் சோறு.

56 நாள் கூலி!

இப்படிச் சேரும் பணத்தில் ராணுவத்துக்கு எவ்வளவு? 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்பு இலாகாவுக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி. ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 13 ரூபாய்க்கு மேல்!

இதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மொத்தச் செலவில் ஒரு பகுதி கடன் பணம். மாநிலங்களின் பங்கு போக அந்த ஆண்டு மத்திய சர்க்காருக்கு வரியாகக் கிடைக்கும் என்று பட்ஜெட்டில் கணக்கிட்டது சுமார் 28 லட்சத்து 37 ஆயிரம் கோடிதான். அந்த வரிப்பணத்தோடு ஒப்பிட்டால், ரூபாய்க்கு 24 காசு ராணுவச் செலவு. ஏறக்குறைய கால் பங்கு!

இதை நம் கூலிக் கணக்கில் பார்ப்போம். 145 கோடி ஜனங்களுக்கும் சமமாகப் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 4,700 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 18,800 ரூபாய். அதே 2025-26 ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதாவது 56 நாள் கூலி! நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல குடும்பங்களுக்கு 56 நாள் வேலையே கிடைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்துக்கு நாடு முழுவதற்கும் அந்த ஆண்டு ஒதுக்கியது 86,000 கோடி. ராணுவத்துக்கு ஒதுக்கியது அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு.

சிப்பாய் நம் பிள்ளை

"அப்படியானால் நாட்டைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். காக்க வேண்டும். பனியிலும் வெயிலிலும் காவல் நிற்கும் சிப்பாய் யார்? முதலாளியின் மகனா? நம் பிள்ளை! அவன் சம்பளத்தையும் பென்ஷனையும் நாம் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் அதில் கை வைத்தது சர்க்கார்தான். 2022 இல் அக்னிபாத் திட்டம் கொண்டுவந்தார்கள். நாலு வருஷ வேலை; அதன்பிறகு நாலில் மூன்று பேர் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

சிப்பாய்க்குச் சிக்கனம், ஆயுதக் கம்பெனிக்கு மட்டும் தாராளம். 2025 ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரபேல் விமானங்கள் வாங்க பிரான்ஸோடு ஒப்பந்தமாயிற்று. ஆயுதம், பயிற்சி எல்லாம் சேர்த்துச் சுமார் 63,000 கோடி. விமானம் ஒன்றுக்கு 2,400 கோடிக்கு மேல்! நாட்டின் நூறு நாள் வேலைக்கு ஓராண்டுக்கு ஒதுக்கியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த 26 விமானங்களுக்கு.

சரித்திரம் சொல்வது

இந்தக் கொல்லிமலைக்கே ஒரு யுத்தக் கதை உண்டு. வல்வில் ஓரியைக் காரி கொன்றான். மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மன்னர்களின் பெயர் பாட்டில் நின்றது. மலையில் தினை விதைத்தவன் பெயர் நிற்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில், 1917 இல், முதல் உலக யுத்தத்துக்கு இந்தியாவின் "அன்பளிப்பு" என்று 10 கோடி பவுன் எடுத்துக்கொண்டான். அன்றைய கணக்கில் 150 கோடி ரூபாய். கொடுத்தவன் யார்? உப்புக்கும் வரி கட்டிய ஏழை! இரண்டாம் உலக யுத்தத்தில் வரி போதவில்லை, நோட்டு அடித்தான். 1939 இல் சுமார் 180 கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945 இல் 1,100 கோடியைத் தாண்டியது. விலைவாசி ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். குண்டு விழுந்து செத்தவர்கள் அல்ல. அரிசி வாங்க முடியாமல் செத்தவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு? 1962 சீன யுத்தத்துக்கு மறு ஆண்டு பட்ஜெட்டில் ராணுவ ஒதுக்கீடு இரு மடங்குக்கு மேல் உயர்ந்து 867 கோடியானது. மண்ணெண்ணெய் வரி ஏறிற்று. கட்டாயச் சேமிப்பு வந்தது. தங்கக் கட்டுப்பாட்டால் பத்தர்கள் பிழைப்பை இழந்தார்கள். ஆனாலும் அன்று கம்பெனிகளின் அதிக லாபத்துக்கு ஒரு வரி போட்டார்கள். இன்றைய கதை என்ன? சொத்து வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டது. 2019 இல் கம்பெனி வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி வருமானம் போகும் என்று சர்க்காரே சொன்னது. பாரத்தைத் தூக்குவதிலிருந்து பணக்காரன் விலகிக்கொண்டால், மிச்சத்தோள் யாருடையது?

கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். உள்நாட்டு யுத்தத்துக்கென்றே பொருள்களின் மேல் பாதுகாப்பு வரி போட்டார்கள். 2002 இல்தான் அது வாட் வரியில் கலந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் அதைக் கட்டினாள். தன் இனத்தார் தலையில் விழுந்த குண்டுக்குத் தானே காசு கொடுத்தாள். இதைவிடக் கொடுமை உண்டா?

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். 2025 மே மாதச் சண்டைக்குப் பிறகு பாகிஸ்தான் சர்க்கார் தன் ராணுவச் செலவை 20 சதம் உயர்த்தியது. லாகூர் மில் தொழிலாளி அதைச் சுமக்கிறான். அவன் நமக்கு எதிரியா? இல்லை, நம்மைப்போல் விலைவாசியால் நசுங்குகிறவன். 2024 இல் உலகம் முழுவதும் ராணுவத்துக்குச் செலவிட்டது 2.7 லட்சம் கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்கா ஒன்றே!

நம் கோரிக்கை

தோழர்களே! நாம் கேட்பது இதுதான். ஆயுத பேரங்களின் கணக்கு பார்லிமெண்டில் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். சொத்து வரி திரும்ப வர வேண்டும். வேலைக்கும் கூலிக்கும் ரேஷனுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு காசுகூட வெட்டக்கூடாது. அக்னிபாத்தை ரத்து செய்து சிப்பாய்க்கு நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். அண்டை நாடுகளோடு பேசித் தீர்க்கும் வழியை மூடக்கூடாது.

நாளை பஞ்சாயத்து ஆபீசிலோ ஆலை வாசலிலோ "பணம் இல்லை" என்று யாராவது சொன்னால், இந்த 24 காசுக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். பணம் இருக்கிறது, தோழர்களே. அது நம் பணம். அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் நமக்கே. சங்கத்தில் சேருங்கள், ஒன்றாகக் கேளுங்கள்!

யுத்தம் வேண்டாம்! வேலை வேண்டும், கூலி வேண்டும், சமாதானம் வேண்டும்!