நாய் வளர்ப்பும் வரவு செலவும்



பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், தியலும நீர்வீழ்ச்சியை எட்டுமுன் வருவது கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. இரவில் காம்பராவைக் காப்பதும், காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியில் இறங்காமல் தடுப்பதும் நாயின் வேலையே. ஒரு காலத்தில் துரைமார் பங்களாக்களில் மாத்திரம் வளர்ந்த அல்சேஷன் முதலிய சாதி நாய்களும் இப்போது லயங்களுக்கு வந்துவிட்டன. அவற்றோடு ஓர் எண்ணமும் வந்திருக்கிறது. “கடன்பட்டாவது ஒரு பெட்டையை வாங்கிவிட்டால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி, பன்னிரண்டு குட்டியின் விலை கையில்” என்பதே அவ்வெண்ணம். அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். பெட்டை நாய் ஓராண்டு நிரம்புமுன்னரே பருவமடையக்கூடும். ஆயினும், அதன் உடல் அப்போது தாய்மைக்கு முதிர்ந்திருப்பதில்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு வெளியான நாய் இனப்பெருக்க விதிகள், பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இனஞ்சேர்க்கலாகாது என்றும், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்தன. ஆகவே, நம்முடைய பன்னிரண்டு குட்டி ஆறாகிறது. அந்த ஆறும் வருமுன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தீனிச் செலவு மட்டுமே உண்டு. செக்ரோலில் ஒரு பேரும் விழாத மாதங்கள் அவை. வாங்கிய கடனுக்கு வட்டியோ மாதந்தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்து, சினைக்காலம் ஏறக்குறைய அறுபத்துமூன்று நாள். குட்டிகள் பால் குடிக்கும் மூன்றாம் நான்காம் கிழமைகளில் தாய்க்கு வழமையான உணவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பிறந்த குட்டி முதற் கிழமைகளில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாதது. மலைநாட்டு மழைக்குளிரில் அதற்கு உலர்ந்த இடமும் கதகதப்பும் தேவை. ஈனும் நாளன்று வீட்டில் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அவருக்கு அன்று மலையில் பேர் இல்லை. குட்டி சிக்கிக்கொண்டு சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், அந்த ஈற்றின் வரவு முழுவதும் அந்த ஓர் இரவிலேயே கரைந்துவிடலாம்.

பின்னர் மருந்துச் செலவு. இரண்டாங் கிழமையிலிருந்தே பூச்சிமருந்து கொடுத்துவர வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் பார்வோ முதலிய நோய்களுக்கான முதற் தடுப்பூசி. பின்பு சில கிழமைகளுக்கு ஒருமுறை, நான்கு மாதம் வரை அதனைத் தொடர வேண்டும். பார்வோ 1978-இல் உலகெங்கும் பரவிய நோய். இரத்தபேதியால் ஒரு ஈற்றுக் குட்டிகளை ஒருசேர வாரிக்கொண்டு போகவல்லது. அதன் கிருமி மண்ணிலே பல மாதங்கள் உயிர்த்திருக்கும். காம்பராக்கள் நெருங்கி நிற்கும் லயத்தில் அதற்கு வேலியில்லை. விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. மற்றவற்றை நாமே விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இனி வரவு. ஆறு குட்டிகளில் ஒன்றைக் கடுவனின் சொந்தக்காரர் பங்காகக் கேட்பது வழக்கம். ஒன்று தவறிப்போகலாம். எஞ்சும் நான்கில் பெட்டைக் குட்டிகளுக்குக் கேள்வி குறைவு. விற்பனை ஆண்டில் ஓரிரு கிழமைக்குள் முடிந்துவிடும். தாய் நாயோ முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உண்ணும். முறையாகச் செய்கிறவருக்குச் செலவுபோக மிஞ்சுவது சொற்பமே.

அவ்வாறாயின், இதே தொழிலில் கொழுத்த இலாபம் பார்ப்பவர் எவ்வாறு பார்க்கிறார்? செலவை அவர் ஒழித்துவிடவில்லை, பிறர்மீது ஏற்றிவிடுகிறார். ஓய்வின்றி ஈனும் தாய் ஒரு பங்கைத் தன் உடலால் செலுத்துகிறது. ஐந்து கிழமையில் தாயைப் பிரிந்து, ஊசியின்றி விற்கப்பட்ட குட்டியை வாங்கியவர் மற்றொரு பங்கைச் செலுத்துகிறார். சந்தையின் ஆசையும் இதற்குத் துணைபோகிறது. தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்தியா தபால் முத்திரை வெளியிட்டது. அத்தகைய பெருமைவாய்ந்த இனம் அது. தூய வெண்ணிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் விரும்பியே அதற்கு விலை பேசினார்கள். அவ்வெண்மையோடு பிறவிச் செவிடும் அவ்வினத்தில் கலந்துவிட்டது. வாங்குபவர் நிறத்துக்குப் பணங்கொடுத்தால், விற்பவர் நிறத்தையே பெருக்குவார்.

மூன்றாவது பங்கு ஊரின் தலையில் விழுகிறது. விலைபோகாத பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையருகே விட்டுவருவோர் உண்டு. அவற்றுள் தப்பிப் பிழைப்பவை அங்கேயே ஈனுகின்றன. இலங்கையில் விசர்நாய் நோய்ச் சட்டம் 1893-இலும், நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901-இலும் வந்தன. ஆயினும், உரிமையாளர் இல்லாத நாயை யார் பதிவார்? யார் ஊசிக்குக் கொண்டுபோவார்? அது கொழுந்தெடுக்கப் போகும் ஒரு பெண்ணைக் கடித்தால், மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசந்தான். எனினும், திரும்பத் திரும்ப ஊசிக்குப் போகும் நாட்களின் பேரை அவளுக்கு யார் கொடுப்பார்?

ஆதலால், நாய்க்குட்டி விற்றுக் கடனடைக்கலாம் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். வீட்டுக் காவலுக்கு வளர்ப்பவர், அரசாங்க மிருக வைத்தியரைக் கேட்டுப் பெட்டைக்குக் கருத்தடை செய்வித்துக்கொள்வதே சிக்கனம். இனம் பெருக்கியே தீரவேண்டும் என்பவர், நாயைச் சேர்க்குமுன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளட்டும். தாய் தந்தை இரண்டையும் வைத்தியரிடம் காட்டுதல் ஒன்று. அவசரச் செலவுக்குக் கைப்பணம் ஒதுக்குதல் ஒன்று. குட்டிகளைக் கேட்டு வைப்பவர் இன்னின்னார் என்று அறிதல் மற்றொன்று. விலைபோகாத குட்டி தம் வீட்டுக் குட்டியே என்ற உறுதியும் அவருக்கு வேண்டும்.

வாங்குபவரும் எட்டுக் கிழமைக்கு முன் குட்டியை வாங்கலாகாது. தாயைக் காட்டும்படி கேளுங்கள். ஊசி அட்டையைக் கேளுங்கள். இரண்டையும் காட்டத் தயங்குபவர் மலிவாகக் கொடுத்தாலும், அந்த மலிவின் மிச்சத்தை நீங்களோ உங்கள் அயலாரோ பின்னர் கட்ட நேரும்.