பொய்யடியும் மெய்யடியும்

புதுவைக்குத் தெற்கே அபிஷேகப்பாக்கம் போன்ற சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்குச் சடுகுடு புதிதன்று. அறுவடை முடிந்த வயலில் கோடு கிழித்தால் அதுவே ஆடுகளம். காண்போர் கண்கள் பாடிச் செல்பவரையே தொடர்கின்றன. எதிரே நிற்கும் எழுவரை நோக்குவோர் சிலரே. இன்று அவ்வெழுவரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கபடி என உலகம் வழங்கும் இவ்வாட்டத்தில் ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. ஒருமுறை பாடிச் செல்ல 30 வினாடிகளே உண்டு. பாடுபவர் எவரையும் தொடாவிடின், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டையேனும் கடந்து மீள வேண்டும். இன்னும் உள்ளே வரட்டும் என்று காத்திருப்பது பிடிப்பவர் தந்திரம்; ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் தீண்டுவது பாடுபவர் தந்திரம். கை வலப்புறம் நீளும். பார்வையும் அங்கேயே செல்லும். காலோ இடப்புற மூலையில் நிற்பவரைத் தொட்டுவிடும்.

இப்பொய்யடி பலிப்பது ஏன்? கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்க ஏறக்குறைய ஒரு வினாடியில் ஐந்திலொரு பங்கு ஆகிறது. முதற் குறிப்புக்கு இணங்கத் தொடங்கிய உடனே இரண்டாவது குறிப்பு வந்தால், அதற்கு விடையளிக்க மூளை மேலும் தாமதிக்கிறது என்பது உளவியலார் சோதித்துக் கண்ட உண்மை. அத்தாமதமே பாடுபவர் தப்பும் வாயில்.

ஆதலின் தேர்ந்த பிடிப்பாளர் கையையும் முகத்தையும் நம்புவதில்லை. இடுப்பையும் ஊன்றிய காலையும் நோக்குகிறார். கண்ணும் கையும் எளிதில் பொய் காட்டும். உடலின் பாரம் அவ்வளவு எளிதில் திசை மாறாது. பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கும் கணத்தில் அவர் கணுக்காலைப் பற்றுகிறார். கால்பந்தாட்டத்துப் பின்காவலருக்கும் இதுவே பாடம்: எதிரியின் தோள் அசைவில் மயங்காமல் பந்தையும் இடுப்பையும் காண வேண்டும்.

அவசரத்தின் விலை பெரிது. பிடி நழுவிப் பாடுபவர் தம் பக்கம் மீண்டால், அவரைப் பற்றியவர் அனைவரும் களம் நீங்க வேண்டும். ஒருவர் பொய்யடிக்குப் பாய, அவரை நம்பி மூவர் பாய்ந்தால், இழப்பு நால்வர்!

வேகம் குறைந்த பின்னும் இக்கலை குறைவதில்லை. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் பிடிப்பாட்டத்தில் பெயர் பெற்றவர். 2016-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றபோது அவருக்கு வயது 41. இளைஞர் கால்களுக்கு ஈடுகொடுத்தது அவருடைய பழகிய கண்.

அடுத்த முறை ஆட்டம் காணும்போது, சிறிது நேரம் மூலையில் நிற்பவரைப் பாருங்கள். அவர் அசையாதிருப்பது அச்சத்தால் அன்று. மெய்யடி இன்னும் விழவில்லை என்பதால்.