முன்சில்லின் குடம்

மாட்டு வண்டியின் சில்லு கழலாதிருப்பதற்குக் கடையாணி ஒன்றே காவலாயிருந்தது. தேய்வு மிகுந்தால் சில்லு அசைந்தாடித் தன் குறையைத் தானே வெளியிடும். நாலு சில்லாலும் இழுக்கும் மோட்டார் வண்டியிலோ அக்குறை இரும்புக் குடத்தினுள் மறைந்து கிடக்கின்றது. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு மரக்கறி மூட்டைகளோடு இறங்கும் சாரதிக்கு அது உயிர்ப் பிரச்சினையாகும்.

1948ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வினத்துப் பழைய வண்டிகள் மலைநாட்டில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் முன்சில்லுக் குடம் ஒவ்வொன்றிலும் இரு பெயரிங்குகள் உள. அவற்றின் உருளைகள் ஒருபுறம் சிறுத்துக் கூம்பியவை. வண்டியின் பாரத்தையும், வளைவுகளிற் பக்கவாட்டாக வரும் தள்ளுதலையும் ஒருங்கே தாங்குதற்கே இவ்வடிவம். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி திம்கன் என்பார் 1898இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார்.

பெயரிங் தேய்ந்தால் வேகத்தோடு கூடிக் குறையும் ஓர் இரைச்சல் எழும். சில்லை உயர்த்தித் தாங்கியில் இருத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கைக்குப் புலனாகும். ஆனால் அவ்வாட்டம் பெயரிங்கினதா, சில்லுத் திரும்புதற்குரிய முளைகளினதா? பலரும் இடறுமிடம் இதுவே. ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க மற்றவர் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றம் பெயரிங்கினது, நில்லாவிடின் முளையினது. ஒரு மிதியினால் ஒரு நாள் வேலை மிஞ்சுகின்றது!

கழற்றுதல் கடினமன்று. பிறேக் உருளி, ஆறு ஆணிகளாற் பூட்டிய தட்டு, மடித்த பூட்டுத் தகடு, இரு பெரிய சுரைகள் ஆகியவற்றைக் களைந்தால் குடம் கையோடு வரும். பழைய கிறீசை மண்ணெண்ணெயாற் கழுவிய பின்னரே உண்மை தெரியும். உருளைகளிற் குழி, சூட்டினால் ஏறிய நீலம், ஆறு கடந்தபோது புகுந்த நீரின் துரு, யாவும் அங்கே காணப்படும். உள்வளையத்தை மட்டும் மாற்றிப் பழைய வெளிவளையத்தைக் குடத்திலேயே விட்டுவிடுதல் போலிச் சிக்கனம்; அதன் தழும்பு புதிய உருளைகளையும் விரைவிற் கெடுக்கும். பித்தளைக் கோலாற் சுற்றிவரத் தட்டிப் பழையதை அகற்றிப் புதியதைக் கோணாமல் அடிவரை இருத்த வேண்டும். கிறீசை உருளைகளினூடே மறுபுறம் பிதுங்கும்வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கிறீசைக் காக்கும் தடைவளையமும் புதிதாயிருத்தல் நன்று.

இனி இறுக்கம். சில்லுக் கழன்றுவிடுமோ என்றஞ்சிச் சுரையைப் பலங்கொண்ட மட்டும் முறுக்குவோர் உளர். அவ்வச்சமே பெயரிங்கை எரித்துவிடும். குடத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பின்னர்ச் சிறிது தளர்த்தி, 0.004 முதல் 0.006 அங்குலம் வரை அசைவு விடல் வேண்டும். ஏறக்குறைய ஒரு தாளின் தடிப்பு! பூட்டுச் சுரையை இறுக்கும்போது இவ்வளவு மாறக்கூடுமாதலால் மறுபடியும் அளக்க வேண்டும்.

அனுபவமுள்ள சாரதி இறக்கத்துக்குச் செல்லுமுன் சமதரையிற் சில மைல் ஓட்டி, பிறேக்கின் சூடு கலவாதபடி வண்டியை மெல்ல நிற்கவிட்டு, குடத்தின்மேற் கைவைத்துப் பார்ப்பார். இளஞ்சூடாயின் பயணத்தைத் தொடரலாம். கை பொறுக்காத சூடாயின், மூட்டைகளை இறக்கிவிட்டு மீண்டும் ஜக்கை எடுக்க வேண்டியதுதான்.