உயிரணுவின் வழித்தடப் படமும் கணிப்பொறியும்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பொதுவாகப் புகழ்ந்துரைத்து அமர்ந்துவிடுவது எளிது. அதனினும், அறிவியலின் ஒரு துறையைக் கையில் எடுத்து, அதன் உள்ளே நுழைந்து பார்ப்பது நம் இளைஞர்களுக்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம். உயிரியலும் கணிப்பொறியும் கைகோத்து நிற்கும் துறை ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

மனித உடலின் உயிரணுவில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. தோலின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் இருப்பவை பெரும்பாலும் அதே மரபணுக்களே. ஆயினும் அவை எல்லாம் ஒரே வேளையில் ஒரே அளவில் செயல்படுவதில்லை. எந்த மரபணு எந்த அளவில் செயல்படுகிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். 1990களில் நுண்ணணிச் சில்லு என்னும் கருவி வந்தபின், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே சோதனையில் அளக்க முடிந்தது. அளந்ததும் புதிய இடர் ஒன்று தோன்றியது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட எண் அட்டவணையை எவர் படித்துப் பொருள் காண்பது?

இதற்கு வழிகாட்டிய ஆய்வு ஒன்றைக் கூறுவோம். 1997ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிரைசி, விசுவநாத் ஐயர், பாட்ரிக் பிரவுன் ஆகிய மூவரும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்தனர். ஈஸ்ட் முதலில் குளுக்கோசை உண்டு எத்தனாலை ஆக்கும். குளுக்கோசு தீர்ந்ததும், தான் ஆக்கிய எத்தனாலையே உணவாகக் கொள்ளத் தொடங்கும். இந்த மாற்றத்தின்போது, இரண்டு மணிக்கு ஒரு முறையாக ஏழு மாதிரிகள் எடுத்து, ஏறத்தாழ 6,400 மரபணுக்களையும் அளந்தனர். சுமார் 710 மரபணுக்களின் வெளிப்பாடு இரு மடங்கிற்கு மேல் உயர்ந்திருந்தது. சுமார் 1,030 மரபணுக்களின் வெளிப்பாடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர்கள் எண்களை அட்டவணையாகத் தந்ததோடு நின்றுவிடவில்லை. வளர்சிதை மாற்ற வழித்தடங்களை வரைந்து, உயர்ந்தவற்றைச் சிவப்பிலும் தாழ்ந்தவற்றைப் பச்சையிலும் காட்டினர். சிட்ரிக் அமிலச் சுழற்சி சிவந்து நின்றதைக் கண்டவுடனே, உயிரணு தன் எரிபொருளை மாற்றிக்கொண்டது விளங்கிவிடுகிறது.

அது ஒரு சோதனைக்கென வரைந்த படம். எந்தச் சோதனைக்கும் எவரும் இவ்வாறு வண்ணமிடத் தக்க மென்பொருள் வேண்டுமல்லவா? சான்பிரான்சிஸ்கோ நகரின் கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 2002இல் வெளிவந்த ஜென்மேப் அத்தகையது. அது இலவசமாக வழங்கப்பட்டது. பின்னர் 2008இல், நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தாரும் கிளாட்ஸ்டோன் ஆய்வாளரும் சேர்ந்து பாத்விசியோ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அதன் மூல நிரலும் அனைவருக்கும் திறந்தே உள்ளது.

இவை செயல்படும் முறை கடினமன்று. வழித்தடப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மரபணு. ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாள எண் உண்டு. நம் சோதனை அட்டவணையிலும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் உண்டு. மென்பொருள் இவ்விரண்டையும் பொருத்தி, நாம் வகுத்த விதிப்படி கட்டங்களுக்கு வண்ணமிடுகிறது. அடுத்து, எந்த வழித்தடம் கருதத்தக்கது என்பதையும் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 20,000 மரபணுக்களில் 1,000 மாறியுள்ளன என்று கொள்வோம். அது நூற்றுக்கு ஐந்து. 40 மரபணுக்கள் உள்ள வழித்தடத்தில் தற்செயலாக இரண்டு மாறியிருக்கலாம். பன்னிரண்டு மாறியிருந்தால், அங்கே ஏதோ நிகழ்கிறது என்று ஆராய்வது முறை.

எனினும் வண்ணத்தைக் கண்டு மயங்குதல் ஆகாது. படத்தில் இடம்பெற்றவை முன்பே ஆராயப்பட்ட மரபணுக்கள் மட்டுமே. ஆராயப்படாதவை எவ்வளவு மாறினும் படத்தில் தோன்றா. அந்த ஈஸ்ட் ஆய்வில் மாறிய மரபணுக்களில் ஏறத்தாழப் பாதியின் பணி அன்று அறியப்படாமல் இருந்தது. வரைபடத்தில் இல்லாதவர் உலகிலும் இல்லை என்று முடிவு கட்டுவது எத்துணைப் பிழை என்பதை நாம் பிறர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும், அடையாளம் பொருந்தாத வரிகள் ஓசையின்றி விடுபட்டுப் போகும். கணக்கு அட்டவணை மென்பொருள்கள் செப்ட்2 என்னும் மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்னும் நாளாக மாற்றிவிடுவது 2004இலேயே சுட்டிக்காட்டப்பட்டது. 2020இல் அத்தகைய மரபணுக்களுக்குப் பெயரே மாற்றி வழங்கப்பட்டது. கருவி எதுவாயினும், சரிபார்க்கும் பொறுப்பு மனிதனுடையதே.

இங்கு நம் உள்ளத்தில் பதிய வேண்டிய கருத்து ஒன்றுண்டு. ஈஸ்டின் மரபணுக்கள் மாறவில்லை; உணவுதான் மாறியது. அதற்கே ஏறத்தாழ 1,740 மரபணுக்களின் செயல் மாறிற்று. பிறப்பிலேயே எல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்று நம் முன்னோர் காதில் ஓதப்பட்டு வந்தது. ஈஸ்டைக் கொண்டு மனித சமுதாயத்தை அளப்பது அறிவியலாகாது. ஆனால், மரபணுவைச் சாட்சிக்கு அழைத்து உயர்வு தாழ்வு பேச எவரேனும் முன்வந்தால், சூழலுக்கேற்ப இயங்குவதே மரபணுவின் இயல்பு என்று சான்றோடு விடையிறுக்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு இருத்தல் வேண்டும்.

இத்துறையின் வாயில் பெரிதும் திறந்தே கிடக்கிறது. அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஜியோ என்னும் தரவுக் களஞ்சியத்திலிருந்து மரபணு வெளிப்பாட்டு அளவைகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். விக்கிபாத்வேஸ் என்னும் தொகுப்பில் வழித்தடப் படங்களை எடுத்தாளலாம், திருத்தமும் முன்மொழியலாம். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரியில் பயிலும் மாணவரும், ஒரு கணிப்பொறி, இணைய இணைப்பு, உயிர்வேதியியல் பாடநூல் ஆகியவற்றோடு பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

ஆனால் திறந்த வாயிலில் நுழையவும் கால்களுக்கு வலிமை வேண்டும். புள்ளியியலும் ஆங்கிலமும் அதற்கு இன்றியமையாதன. சங்கத்தின் மாலை வகுப்புகளில் இவ்விரண்டிற்கும் இடம் அளிக்குமாறு பெரியோர்களை வேண்டுகிறோம். இளைஞர்களே, பிறர் வரைந்த படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் விடுபட்ட கட்டங்களை நிரப்பும் ஆய்வாளர்களாக உயருங்கள்.