காலாணியும் உழைப்போர் நலமும்



உழைத்துப் பிழைப்போருக்குக் காலும் ஒரு மூலதனமே. சுமை தூக்குவோர், கட்டடத் தொழிலாளர், தெருத்தெருவாகச் சென்று விற்போர் ஆகியோரின் அன்றாடக் கூலி, அவர்கள் நிற்பதையும் நடப்பதையும் பொறுத்தது. உள்ளங்காலில் பட்டாணி அளவில் ஓர் ஆணி தோன்றினாலும் நடை தளர்கிறது, வேலை குறைகிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

காலாணி, வேரூன்றி வளரும் கட்டி என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது உடல் தனக்குத்தானே அமைத்துக்கொள்ளும் காப்பு. ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடரும்போது மேல்தோல் தடித்து இறுகுகிறது. பரவலாகத் தடித்தால் அது காய்ப்பு. நடுவே கூம்பாக இறுகி உள்நோக்கி அழுத்தினால் அது ஆணி. வைரஸ் கிருமியால் தோன்றும் மருவையும் ஆணி என்று கருதுவோர் உண்டு. நேராக அழுத்தும்போது வலித்தால் பெரும்பாலும் ஆணி; பக்கவாட்டில் கிள்ளும்போது வலி மிகுந்தால் மருவாக இருக்கலாம்.

பிளேடால் அறுத்தெடுப்பதும், சேங்கொட்டைச் சாற்றைத் தடவுவதும் தீங்கானவை. அழுத்தம் நீங்காதவரை அறுத்த ஆணி மீண்டும் வளரும். வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, படிகக்கல்லால் அன்று, நுரைக்கல்லால் மெல்லத் தேய்ப்பது நலம். சாலிசிலிக் அமிலம் கலந்த பிளாஸ்திரியும் பயன் தரும். அதை ஆணியின்மீது மட்டுமே ஒட்ட வேண்டும்.

நீரிழிவு உடையோர் இவற்றைத் தாமாகவே செய்துகொள்ளலாகாது. உணர்ச்சி குன்றிய காலில், தடித்த தோலுக்கு அடியிலேயே புண் உருவாகக்கூடும். அது முற்றினால் காலையே இழக்க நேரிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று, 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடி என மதிப்பிட்டுள்ளது. எனவே இது சிறு தொல்லை என்று ஒதுக்கத்தக்கதன்று.

நிலையான தீர்வு காலுக்குப் பொருந்தும் காலணியே. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்பதும், பிரிட்டிஷ் அளவுமுறை அதற்குப் பொருந்தவில்லை என்பதும் அதில் புலனாயின. இதன் அடிப்படையில் ‘பா’ என்னும் இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டது. முன்பக்கம் குறுகிய செருப்பு விரல்களை நெருக்குகிறது, நெருக்கம் ஆணியாகிறது.

பீடி இலை சேகரிப்போருக்குக் காலணி வழங்கும் திட்டத்தைச் சத்தீஸ்கர் மாநிலம் நடைமுறைப்படுத்தியுள்ளது. இத்தகைய திட்டங்களில் எத்தனை இணைகள் வழங்கப்பட்டன என்பதோடு, அவை எத்தனை பாதங்களுக்குப் பொருந்தின என்பதும் கணக்கிடப்பட வேண்டும். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், இரு கால்களையும் அளந்து காலணி தருவது கூடுதல் செலவன்று. உழைப்பாளியின் வலியற்ற நடையே அச்செலவின் வருவாய்.