மேகத்தில் வைத்த பொருள்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 நமது அங்கத்தினர் ஜாபிதா, கல்வி உதவி நிதிக் கணக்கு, மாணாக்கர் விண்ணப்பங்கள் ஆகிய யாவற்றையும் ‘மேகத்தில்’ ஏற்றிவிடுவதென நிர்வாக சபையார் ஆலோசித்து வருகின்றனர். அங்ஙனம் ஏற்றுமுன், மேகமென்பது யாது, அதனால் விளையும் நன்மை யாது, அதனிடம் ஒப்புவிக்கலாகாத கடமை யாது என்னும் மூன்றையும் ஆராய்தல் நம் கடனாம்.

மேகமென்ற பெயரைக் கேட்டு அது வானத்தில் மிதப்பதென எண்ணற்க. அது நிலத்தின்மீது நிற்கும் கட்டடமே. அதனுள் ஆயிரக்கணக்கான சர்வர் இயந்திரங்கள் அடுக்கடுக்காக நிறுத்தப்பெற்று, இடையறாத மின்சாரமும் குளிர்ச்சியும் பெற்று இயங்குகின்றன. அவற்றின் ஆற்றலையும் இடத்தையும் வேண்டுவோர்க்கு வேண்டும் அளவில் இணையத்தின் வாயிலாக வாடகைக்கு விடுவதே இத்தொழில். அமேசான் நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தரவுகளைச் சேமிக்கும் பண்டசாலையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஏற்பாட்டையும் தொடங்கினர். பின்னர் மைக்ரோசாப்ட், கூகிள் முதலியோரும் இத்துறையிற் புகுந்தனர். இன்று நம் நாட்டிலும் மும்பை, ஐதராபாத், சென்னை முதலிய நகரங்களில் இத்தகைய நிலையங்கள் உள.

இனி, நன்மையைச் சொல்லுவேன். வீட்டில் ஒரு கலியாணம் வருகிறது. ஆயிரம் பேருக்குச் சமைக்க அண்டாக்களும் குத்துவிளக்குகளும் பந்தலும் வேண்டும். அந்த ஒரு நாளுக்காக அவை யாவற்றையும் விலைகொடுத்து வாங்கி, ஆண்டு முழுவதும் பரணில் வைத்திருப்பார் உண்டோ? வாடகைக்கு எடுத்து, காரியம் முடிந்ததும் திருப்பி அனுப்புவதன்றோ உலக வழக்கு? நமது கல்வி உதவி விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் நிகழ்ந்ததை நினைவுகூர்மின். ஒரே சிறு இயந்திரத்தில் இயங்கிய நமது இணையதளம், ஒரே சமயத்தில் வந்து குவிந்த மாணாக்கர் கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் மயங்கி நின்றது. விண்ணப்பிக்க இயலாது கண் கலங்கிய ஏழைப் பிள்ளைகள் சிலரை யான் நேரிற் கண்டேன். மேகத்திலோ, கூட்டம் பெருகுங்கால் இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, வேலையை அவற்றிற்குப் பகிர்ந்தளித்து, கூட்டம் குறைந்தபின் குறைத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய அளவிற்கே கூலி.

ஆயினும் இது தானே நிகழ்வதன்று. எப்பொழுது பெருக்குவது, எத்துணை வரை பெருக்குவது என்பதை நாமே விதித்து வைத்தல் வேண்டும். எல்லை விதியாவிடின், அணையாத விளக்கிற்கு மின்கட்டணம் ஏறுவதுபோலக் கூலியும் ஏறிக்கொண்டே போகும். அன்றியும், விண்ணப்பத்துடன் வரும் சான்றிதழ்களைப் பொதுவான பண்டசாலையில் வையாது, வந்துபோகும் இயந்திரத்திலேயே வைத்தால், அவ்வியந்திரத்தைத் திருப்பி ஒப்படைக்கும்பொழுது அவையும் உடன் அழியும்.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியதே என் உரையின் உயிர்நாடி. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்னும் நிறுவனத்தாரின் ஐந்து மாடி நிலையம் ஒன்று நள்ளிரவு கடந்த வேளையில் தீப்பற்றி முற்றிலும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயின் லக்ஷக்கணக்கான இணையதளங்கள் நின்றுபோயின. வேறிடத்தில் நகல் வைத்திருந்தோர் மீண்டனர். வையாதோர் இழந்தது இழந்ததேயாயிற்று. சிலர் நகல் வைத்திருந்தும், அஃது அதே வளாகத்தில் இருந்தமையால் மூலத்தோடு வெந்துபோயிற்று.

தனியார் மட்டுமன்று, அரசாங்கத்தாரும் இதற்கு விலக்கல்லர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கல அடுக்கிலிருந்து தீ எழுந்தது. 600-க்கு மேற்பட்ட அரசாங்கக் கணினி ஏற்பாடுகள் நின்றன. அரசாங்க ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வந்த ஒரு பெரும் பண்டசாலை எரிந்தது; அதன் பருமன் மிகுதி என்னும் காரணத்தால் அதற்கு வெளியில் நகல் இல்லை. பணமும் படிப்பும் மிக்க நாட்டிலேயே இது நிகழ்ந்ததெனின், நாம் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்!

சத்திரத்தார் கூரையையும் கதவையும் காப்பர். மூட்டையைக் காப்பது வழிப்போக்கன் பொறுப்பு. மேக நிறுவனத்தார் ஒப்பந்தமும் பெரும்பாலும் இத்தன்மைத்தே. 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறரைக்கொண்டு வேலை வாங்கினாலும் பொறுப்பு வாங்குவோனையே சாரும் என விதிக்கின்றது. நம்மை நம்பிப் பெயரும் வருமானமும் பிள்ளையின் மதிப்பெண்ணும் எழுதிக்கொடுத்த குடும்பங்களுக்கு விடை சொல்லவேண்டியவர் நாமே.

ஆகவே நிர்வாக சபையாரை யான் வேண்டிக்கொள்வன நான்கு. தரவுகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருக்கட்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்க்கட்டும். மீட்டுப் பாராத நகல் நகலாகாது. நிர்வாகக் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் தங்காது, பொறுப்புள்ள இருவரிடம் இருக்கட்டும். நாளை வேறு நிறுவனத்தை நாடவேண்டின், நம் தரவுகளை எடுத்துச் செல்ல வழியுண்டா என்பதை இன்றே கேட்டறியட்டும்.

பழைய கணக்குப் புத்தகங்கள் சிலவற்றைக் கறையான் தின்றதை நாம் அறிவோம். கறையானுக்கு அஞ்சி மேகத்திற்குச் செல்வோம், தவறில்லை. ஆயின் காவலை மட்டும் கைவிடாது செல்வோம்.