சலாமும் கடனும்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே! நான் சொன்ன சலாமுக்கு எல்லோரும் பதில் சொன்னீர்கள். அந்தச் சொல்லுக்கு மிக வயதான ஓர் உறவு உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இன்றைய இராக் நாட்டில் முற்காலத்தில் அக்காத் மொழி பேசப்பட்டது. அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவ எழுத்துகளைப் பதித்து எழுதினார்கள். அதில் அடிக்கடி வரும் ஒரு வினைச்சொல் 'ஷலாமு'. குறையின்றி முழுமையாக இருத்தல், நலமாக இருத்தல் என்று பொருள். அரபியின் 'ஸலாம்', ஹீப்ருவின் 'ஷாலோம்', இந்த 'ஷலாமு' மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் தம் கடிதங்களில் 'லூ ஷல்மாதா', அதாவது 'நீர் நலமாக இருப்பீராக' என்று வாழ்த்தினார்கள்.

அதே சொல்லின் இன்னொரு வடிவம் 'ஷுல்லுமு'. முழுமையாக்குதல் என்பதோடு, பாக்கியில்லாமல் கொடுத்துத் தீர்த்தல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. அரபியிலும் அப்படித்தான். 'ஸல்லம' என்றால் சலாம் சொன்னான். உரியதை ஒப்படைத்தான் என்றும் பொருள். ஒருவரின் நலமும் அவருக்குச் சேர வேண்டிய பாக்கியும் ஒரே வேரில் இருக்கின்றன!

பாக்தாதுக்குத் தெற்கே இருந்த பழைய நகரம் சிப்பார். அங்கே கோயில்கள் எளியவர்களுக்கு வெள்ளியும் வாற்கோதுமையும் கடனாகக் கொடுத்தன. அந்தப் பத்திரங்கள் சிலவற்றில், 'உடல் தேறி, நல்ல நிலைக்கு வந்ததும் திருப்பித் தருவார்' என்று இருக்கிறது. 'நல்ல நிலை' என்பதற்கு அங்கே எழுதியிருப்பதும் இதே வேர்ச்சொல்தான்.

நம் மார்க்கம் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? வேலைக்காரப் பெண்ணின் சம்பளம் இரண்டு மாதமாக நிற்கிறது. வாசலில் அவர் முகத்தைப் பார்த்துச் சலாம் சொல்கிறோம். கைமாற்று வாங்கிய சகோதரரைப் பள்ளியில் கண்டால் அடுத்த ஸஃப்புக்கு நகர்ந்துவிடுகிறோம். கொடுத்தவர்களோ, படுக்கையில் கிடப்பவர் வீட்டிலும் போய்க் கேட்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்ததைக் கொடுங்கள். முடியாவிட்டால் நேரில் போய்த் தவணை கேளுங்கள். அதன் பிறகு அவருக்குச் சலாம் சொல்லிப் பாருங்கள்.

கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.